அணைக்கக் கூடாத காடி

அந்த வெள்ளிக்கிழமை காலையில் எனக்கு இருந்த கவலை ஒன்றே ஒன்றுதான்: எஞ்சினை யாரும் அணைக்கச் சொல்லிவிடக் கூடாது. காடி (எங்கள் பக்கம் காருக்கு அதுதான் பெயர்) வாங்குகிறவர்கள் அது ஓட வேண்டுமே என்று கவலைப்படுவார்கள். விற்கிறவனான நான், நின்றுவிடக் கூடாதே என்று கவலைப்பட்டேன். இரண்டும் ஒன்றுதானே என்று நினைப்பவர்கள் மேலே படிக்கவும்.

எங்கள் வியாபாரிகள் சங்க மலருக்கு, தொழிலுக்குப் புதிதாக வந்தவர்களுக்குப் பயன்படும்படி ஏதாவது எழுதுங்கள் என்று கேட்டார்கள். வெற்றிக் கதை ஒன்றைத்தான் எதிர்பார்த்திருப்பார்கள். என்னிடம் வெற்றிக் கதைகளும் உண்டு. அவற்றில் என் பங்கு குறைவு என்பதால் விவரம் சரியாக ஞாபகமில்லை. இது நிமிடக் கணக்கில் ஞாபகம் இருக்கிறது.

1. டீச்சரின் பதினோரு பிழைகள்

எண்பதுகளின் தொடக்கம். பினாங்குப் பாலம் அப்போது கடலுக்குள் தூண்களாக எழும்பிக்கொண்டிருந்தது. தீவிலிருந்து அக்கரைப் பட்டர்வொர்த்துக்குப் போக ஃபெரிதான். ஜார்ஜ்டவுனில் ஒரு செகண்ட் ஹேண்ட் காடிக் கடையில் நான் சேல்ஸ்மேன். கடையில் மொத்தம் பன்னிரண்டு காடி, ஒரு முதலாளி, ஒரு நான். முதலாளி காதர் பாய் வாசலில் நிற்பார். நான் உள்ளே மேசைக்குப் பின்னால் நாவல் படிப்பேன். அதை அவர் "ஸ்டாக் செக்கிங்" என்று வாடிக்கையாளர்களிடம் சொல்லிச் சமாளிப்பார்.

ஒரு நாள் பரமேஸ்வரி டீச்சர் ஒரு காடியை ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார். யாழ்ப்பாணத்து வழி வந்த குடும்பம். பெண்கள் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவர். கணவர் அரசாங்க ஆபீசில் கிளார்க்காக இருந்து காலமானவர். அவர் விட்டுப்போனது ஒரு பென்ஷன், ஒரு கொட்டகை, கொட்டகைக்குள் பல வருடம் அசையாமல் கிடந்த ஒரு பழைய இங்கிலீஷ் காடி. எந்த கம்பெனி, என்ன மாடல் என்று சொல்ல மாட்டேன். அந்த மாடல் தீவில் மொத்தமே மூன்றுதான் ஓடியது. சொன்னால் ஆளைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும்.

அந்தத் துருக் குவியலை டீச்சர் ஆறு வருடம் உட்கார்ந்து காடியாக்கியிருந்தார். பட்டறைக்கு அனுப்பி அல்ல, மேனுவலைப் படித்துத் தன் கையால். வால்வுகளைத் தேய்த்து உட்கார வைத்தது அவர். சீட்டுக்குத் தோல் தைத்தது அவருடைய தையல் மெஷின். கார்புரேட்டரைப் பிரித்துச் சமையலறைச் சட்டியில் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்ததாகச் சொன்னார். அதே சட்டியில் பிறகு சொதி வைத்தாரா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை. பம்பருக்குக் குரோம் பூச மட்டும் மாக் மண்டினில் ஒரு பட்டறைக்குக் கொடுத்தார். மூன்று தடவை திருப்பி அனுப்பினார். நாலாவது தடவை பட்டறைக்காரர் பம்பரைக் கையில் தந்துவிட்டு, "டீச்சர், இதுல மொகம் பாத்துப் பொட்டு வெச்சுக்கலாம். இதுக்கு மேல என்னால முடியாதுலா" என்று கும்பிட்டாராம்.

இப்போது ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகன் கூப்பிடுகிறார். மாதக் கடைசியில் பயணம். காடியை விற்க வேண்டும்.

டீச்சர் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை என் மேசையில் வைத்தார். முதல் பக்கத்தில் சிவப்பு மையில் "பிழைகள்" என்று தலைப்பு. அதிலிருந்து அடுத்த பக்கம் வரை, ஒன்று முதல் பதினொன்று வரை எண் போட்டு எழுதியிருந்தது.

"இது முழுக்க வாங்கிறவருக்கு நீர் வாசிச்சுக் காட்ட வேணும். அவர் கேட்டுப்போட்டு, ஓம் சரி எண்டு சொன்னாத்தான் காடி குடுக்கலாம். ஒண்டையும் விடக் கூடாது. விளங்குதோ?"

நான் சேல்ஸ்மேன். காடியின் குறைகளை எண் போட்டு எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடிட்டு ஒருவர் தந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "விளங்குது டீச்சர்" என்றேன்.

பிழைகளில் பெரும்பாலானவை ரசிக்கும்படியாகவே இருந்தன. இரண்டாவது, மழைக் காலத்தில் இடது பின் கதவு திறக்காது. நாலாவது, ஹாரன் சில நாள் தானாக அடிக்கும். ஐந்தாவது, திரும்பும் பக்கத்தைக் காட்டக் கதவுத் தூணிலிருந்து நீளும் சின்ன ஆரஞ்சுக் கை, நீண்டால் சில சமயம் உள்ளே போகாது. கையால் தட்டிவிட வேண்டும்.

ஏழாவதுதான் ஆளைக் கொல்லும். "எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்தால், அடுத்த இருபது நிமிடத்துக்கு மறுபடி ஸ்டார்ட் ஆகாது." காரணத்தையும் டீச்சர் வகுப்பில் எழுதுவதுபோல எழுதியிருந்தார். எஞ்சினுக்குப் பெட்ரோல் ஏற்றும் சின்ன பம்ப் எஞ்சினை ஒட்டியே இருக்கிறது. நம் ஊர் வெயிலில் நின்ற எஞ்சினின் சூட்டில் குழாயில் இருக்கும் பெட்ரோல் ஆவியாகிவிடும். பம்ப் பெட்ரோலைத் தள்ளும், ஆவியைத் தள்ளாது. பரிகாரம்: பம்ப் மேல் ஈரத் துணி, பொறுமை.

முதலில் வந்த இரண்டு பேருக்கு நான் யோக்கியமாக வாசித்துக் காட்டினேன். ஆறு வரைக்கும் சிரித்தார்கள். ஏழில் எழுந்தார்கள். இரண்டாமவர் எட்டாவதுக்குக் காத்திருக்காமல் வாசலிலேயே, "இருபது நிமிஷமா? அதுக்குள்ள நான் நடந்தே வீட்டுக்குப் போயிருவேன்லா" என்றார்.

காதர் பாய் அன்று மாலை என் நாவலை மூடி வைத்தார்.

"தம்பி, நீ காடி விக்கிறியா, இல்ல காடிய பத்தி எச்சரிக்கை பண்றியா?"

"டீச்சர்கிட்ட வாக்குக் குடுத்திருக்கேன் பாய்."

"சரி, அது ஓன் வாக்கு. இது என் எடம். வர்ற வெள்ளிக்கெழம அந்த எடம் காலியா இருக்கணும். காடி போனாலும் சரி, நீ போனாலும் சரி."

அவர் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. இரண்டு பிள்ளைகள். ஒருவன் எட்டு வருடம் நாவல் படித்த அனுபவத்தை மதித்து வேலை தரும் கம்பெனி, அக்கரையில் ஃபேக்டரிகள் நிறைந்த பிறையில்கூட ஒன்றும் இல்லை என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

2. ஆறோடு நிறுத்தினேன்

அந்தச் செவ்வாய்க்கிழமை வேலாயுதம் வந்தார். அக்கரையில் கெப்பாலா பத்தாஸ்காரர். ஐம்பது வயது இருக்கும். பிறை ஃபேக்டரிகளுக்குச் சரக்கு ஏற்றும் நாலு லாரிக்குச் சொந்தக்காரர்; அதில் ஒன்றை இன்னமும் அவரே ஓட்டினார். அடுத்த மாதம் மகளுக்குக் கல்யாணம். வீட்டிலிருந்து மண்டபத்துக்கு மகள் இந்தக் காடியில்தான் போக வேண்டும் என்று ஆசை.

காடியை இரண்டு சுற்றுச் சுற்றி வந்தார். பம்பரைத் தொட்டுப் பார்த்து, தொட்ட இடத்தைச் சட்டை முனையால் துடைத்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது, இவர் வாங்கிவிடுவார். அதுதான் என்னைக் கெடுத்தது. வாங்கப்போகிறவர் என்று தெரியாதவரிடம் உண்மை பேசுவது சுலபம்.

"கோளாறு ஏதும் இருக்கா தம்பி?"

நோட்டை எடுத்தேன். ஒன்று வாசித்தேன், இரண்டு வாசித்தேன். அவர் ஹாரனுக்கு விழுந்து விழுந்து சிரித்தார். ஐந்து. ஆறு. பக்கத்தைத் திருப்ப வேண்டும். திருப்பாமல் நோட்டை மூடினேன்.

"மிச்சமும் இதே மாதிரிதாண்ணே. பழைய காடி, சின்னச் சின்னக் குணம் இருக்கும்."

"கொணமா?" என்றார் அவர், மூடிய நோட்டைப் பார்த்துக்கொண்டே.

"கொணம்தாண்ணே."

"சரி. எனக்குப் புடிச்சிருக்கு. ஆனா பேப்பர்ல நான் கை வெக்கிறதுக்கு முன்ன ஊர்க் கோயில்ல பூச போடணும். அது எங்க அக்கா சட்டம். நாலு லாரியும் அப்படித்தான் வாங்குனது."

அக்கா என்றால் தனலெட்சுமி அக்கா. தாய் தகப்பன் இல்லாத வேலாயுதத்தை வளர்த்தவர். அவர் போட்ட திட்டம் இது: வெள்ளிக்கிழமை காலை, கெப்பாலா பத்தாஸ் கோயில். பூசை முடிந்து, நாலு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்து, காடி அதை நசுக்கிக்கொண்டு நகர வேண்டும். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கும். அதற்குள் பழம் நசுங்கியிருக்க வேண்டும். நசுங்காவிட்டால் அந்தக் காடி வேண்டாம்.

அன்று சாயங்காலம் டீச்சருக்குப் போன் செய்தேன்.

"வாசிச்சுக் காட்டினீரோ?"

"காட்டினேன் டீச்சர்."

"பதினொண்டும்?"

"எல்லாம் டீச்சர்."

"ஏழாவது அவருக்கு விளங்கினதோ? அதுதான் எனக்கு யோசனையா இருந்தது. கலியாணக் காடி எண்டுறீர்."

"நல்லா விளங்கிச்சு டீச்சர். லாரிக்காரர்தானே."

மறுநாள் டீச்சர் கடைக்கு வந்து பெயர் மாற்றும் பாரத்தில் தன் பங்குக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு, காடியின் கூரையில் ஒரு தடவை கையை வைத்துவிட்டுப் போனார். நான் அந்த நேரம் பார்த்து மேசைக்கு அடியில் எதையோ தேடிக்கொண்டிருந்தேன். எதைத் தேடினேன் என்று இன்றுவரை தெரியாது.

3. கடல் நடுவில் காவல்

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்குக் கிளம்பினேன். ஊர்ப்பக்கம் வழி காட்ட வேலாயுதமே தீவுக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். பின் சீட்டில், ஒரு பிளாஸ்டிக் பையில், என் மனைவி காணாமல் தேடிக்கொண்டிருந்த துண்டு ஈரமாக இருந்தது. பக்கத்தில் ஒரு ஃபிளாஸ்க் நிறைய ஐஸ்.

"பசியாறிட்டியா தம்பி? என்ன ஃபிளாஸ்க்கு?"

"ஐஸ் தண்ணிண்ணே. எனக்குச் சூட்டு ஒடம்பு."

ஃபெரித் துறையில் வரிசை நீண்டு கிடந்தது. நகர்வது, நிற்பது, நகர்வது. எஞ்சின் சூடேறிக்கொண்டே போனது. நிற்கும் இடத்திலெல்லாம் நான் ஆக்சிலேட்டரை மிதித்துக்கொண்டே இருந்தேன்.

"ஏன் தம்பி சும்மா உறும விடுற?"

"நம்ம காடி அழகா உறுமும்ணே. கேளுங்க."

ஃபெரிக்குள் ஏறியதும் சீருடைக்காரர் ஒருவர் ஒவ்வொரு காடியாகத் தட்டி, "எஞ்சின் மாத்தி, எஞ்சின் மாத்தி" என்று மலாயில் அணைக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். ஃபெரியில் எல்லாரும் அணைக்க வேண்டும். அதுதான் சட்டம். தெரிந்ததுதான். ஆனாலும் சாவியைத் திருப்புவதற்கு முன் வாட்ச்சில் மணி பார்த்துக்கொண்டேன்.

வேலாயுதம் காற்று வாங்க மேலே கிளம்பினார். "வர்றியா?"

"இல்லண்ணே. காடிக்குக் காவலா இருக்கேன்."

"கடல் நடுவுல எவன்லா காடியத் திருடுவான்?"

அவர் படியேறியதும் பானெட்டைத் திறந்தேன். துண்டை ஐஸ் தண்ணீரில் நனைத்து பம்ப் மேல் வைத்தேன். ஆவி எழும்பியது. பிழிந்து மறுபடி வைத்தேன். பக்கத்துக் காடியில் இருந்த சீனப் பாட்டி கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டு, காய்ச்சல்காரப் பிள்ளைக்குப் பத்துப் போடும் தகப்பனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடலைக் கடக்கச் சரியாக இருபது நிமிடம் பிடித்தது. பட்டர்வொர்த்தில் கதவு இறங்கியது. என் பின்னால் முப்பது காடி ஹாரனில் கை வைத்துக் காத்திருந்தன. ஸ்டார்ட்டரை இழுத்தேன். பிடித்துக்கொண்டது.

அதோடு ஆபத்தைத் தாண்டிவிட்டதாக நினைத்தேன். இனி கோயில் வாசல் வரைக்கும் அணைக்க வேண்டிய அவசியமில்லை. கோயிலில் ஓடிக்கொண்டிருக்கும்போதே பூசை போட்டுவிடலாம். பூசை போடுகிறவர்களை நான் அதுவரை கூர்ந்து கவனித்ததில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

4. பத்து ஏழிலிருந்து பத்து முப்பத்துநாலு வரை

கோயில் வாசலை அடைந்தபோது மணி பத்து ஏழு. இருபது, இருபத்தைந்து பேர் காத்திருந்தார்கள். நடுவில் தனலெட்சுமி அக்கா, கையில் வாட்ச்சோடு. கட்டியிருக்கவில்லை, கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

குருக்கள் தட்டோடு வந்து பானெட் முன் நின்றார். "எஞ்சின ஆஃப் பண்ணுங்கோ."

"ஓடட்டும் சாமி. ஓடுற காடிக்குப் பூச போட்டா இன்னும் விசேஷம்" என்றேன்.

"எந்தச் சாஸ்திரத்துல? கற்பூரம் காட்டணும். பெட்ரோல் வாசனை மூக்கத் தொளைக்கறது. அம்பாள் சந்நிதியில வெடிச்சா நீரா பதில் சொல்லுவீர்?"

அணைத்தேன். பத்து ஒன்பது. அதிலிருந்து இருபது நிமிடம் என்றால் பத்து இருபத்தொன்பது. ராகு காலத்துக்கு ஒரு நிமிடம் முன்னால். கணக்கு சரியாக வருகிறது, குருக்கள் மட்டும் மெதுவாக மந்திரம் சொன்னால் போதும்.

அவருக்குப் பதினோரு மணிக்கு வேறொரு வீட்டில் விசேஷம். எக்ஸ்பிரஸ் பஸ் மாதிரி போனார். சந்தனம், குங்குமம், மாலை எல்லாம் நாலு நிமிடத்தில் முடிந்தது. வேலாயுதம் குடும்பத்துக்கு அர்ச்சனை இரண்டு நிமிடம்.

"சாமி, என் பேருக்கும் ஒரு அர்ச்சன" என்றேன். பிறகு என் மனைவி. பிறகு பிள்ளைகள் இருவர், தனித்தனியாக. பிறகு மாமனார், அவரோடு நான் பேசி மூன்று வருடம் ஆகியிருந்தது. சொந்தங்கள் தீர்ந்துபோயின. மணி பத்து பத்தொன்பது.

"எங்க முதலாளி பேருக்கும் சாமி."

"பேரு?"

"அப்துல் காதர்."

குருக்கள் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "நட்சத்திரம்?"

"தெரியல சாமி."

"சுவாமி பேருக்கே பண்ணிடறேன்" என்று பெருந்தன்மையாகச் செய்தார். காதர் பாய் பெயரில் ஓர் அர்ச்சனை நடந்தது அவருக்குக் கடைசிவரை தெரியாது. அந்த வருடம் அவருக்கு வியாபாரம் நன்றாகவே இருந்தது.

சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. தேங்காய் உடைத்தாயிற்று. மணி பத்து இருபத்திரண்டு. இன்னும் ஏழு நிமிடம் வேண்டும். துண்டு பின் சீட்டில் கிடக்கிறது. இத்தனை பேர் முன்னால், குங்குமம் வைத்த பானெட்டைத் திறந்து அதற்குள் துண்டு போட முடியாது.

"ஏறு வேலா. ஸ்டார்ட் பண்ணு" என்றார் அக்கா.

வேலாயுதம் ஏறி உட்கார்ந்தார். இழுத்தார். கரகரவென்றது. மறுபடி இழுத்தார். மறுபடி கரகர. மூன்றாவது தடவையும் அதேதான். அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அவர் கையைப் பார்த்தேன். வாட்ச்சை இறுக்கிப் பிடித்திருந்தது.

"இத்தன நேரம் ஓடிக்கிட்டு வந்த காடிதானே? அம்மன் வாசல்ல வந்து நிக்குதுன்னா..." என்றார் அக்கா.

கூட்டத்தில் ஒரு பெண் குரல், "வேணாம்க்கா, கல்யாணக் காடி" என்று தொடங்கியது. அந்த வாக்கியம் முடிந்தால் என் வேலையும் முடிந்தது. அப்போது என் வாய் என்னைக் கேட்காமலே பேசியது.

"அக்கா, எதுக்கு அவசரம்? ராகு காலம் பதினோரு மணிக்குத்தானே?"

அக்கா மெதுவாகத் திரும்பினார். "வெள்ளிக்கெழம பத்தரை. காலண்டர்ல போட்டிருக்கு."

"அது பழைய மணிக்கா. கவர்மெண்ட்டு கடியாரத்த அரை மணி முன்னால தள்ளி வெச்சுச்சே, ஞாபகம் இல்லியா? கடியாரத்தத் தள்ளுனாங்க, சூரியனத் தள்ளலியே? பழைய பத்தரன்னா இப்போ பதினொண்ணு."

தீபகற்பத்தில் எல்லார் வீட்டிலும் அரை மணி நேரம் தொலைந்துபோனது அப்போது பழைய செய்தி. தொலைந்த அரை மணியை ராகுவோடு சேர்த்து யாரும் யோசித்திருக்கவில்லை. இப்போது இருபத்தைந்து பேரும் ஒரே நேரத்தில் யோசித்தார்கள்.

"அதானே? சூரியனுக்கு எப்படிலா தெரியும்?"

"அப்ப ரெண்டு வருஷமா தப்பான நேரத்துலதான் எல்லாம் பண்ணிக்கிட்டு இருக்கோமா? அலாமாக், எங்க வீடு குடிபோனது!"

வேலாயுதத்தின் மச்சான், பிறை ஃபேக்டரியில் சூப்பர்வைசர், இதை ஒப்புக்கொள்ளவில்லை. "ஊரே புது மணியில வேல செய்யுது. ராகு மட்டும் எப்படி பழைய ஷிஃப்டுக்கு வருவாரு?"

"ராகு ஒன்னோட ஃபேக்டரியில பன்ச் கார்டு அடிக்கிறாரா?" என்றார் இன்னொருவர்.

குருக்களிடம் முறையிட்டார்கள். அவர் பதினோரு மணி விசேஷத்தை மறந்து, விரல் கணுக்களை எண்ணத் தொடங்கினார். சூரிய உதயம் எத்தனை மணி என்று கேட்டார். ஏழு என்றார் ஒருவர். ஏழேகால் என்றார் இன்னொருவர். யாரும் அன்று அந்த நேரத்தில் எழுந்திருக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்தது. நான் பானெட்டின் மேல் சாதாரணமாகச் சாய்ந்து நிற்பதுபோலக் கையை வைத்து, இரும்பு ஆறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

பத்து முப்பத்துநாலுக்குக் குருக்கள் தீர்ப்புச் சொன்னார். "உதயத்த வெச்சுப் பாத்தா பதினோரு மணிக்கு மேலதான். தாராளமா நேரம் இருக்கு."

வேலாயுதம் இழுத்தார். ஒரே இழுப்பு. நாலு பழமும் நசுங்கின. ஹாரன் தானாக அடித்தது. அதையும் மங்கலம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

5. கையெழுத்துக்கு முன்

அக்கா முதல் பொங்கலை எனக்குத்தான் கொடுத்தார். "நல்ல வேள நீ சொன்ன தம்பி. நான் பாட்டுக்கு வேணாம்னு சொல்லியிருப்பேன். வியாபாரத்துல மனசுல உள்ளத அப்படியே சொல்ற ஆளு இப்போல்லாம் எங்க இருக்கு?"

பொங்கலை ஒரே வாயில் போட்டுக்கொண்டேன். தண்ணீர் கேட்டேன். அது ஃபிளாஸ்க்கில் இருக்கிறதே என்று வேலாயுதம் எடுத்துத் தந்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். "எங்க கை வெக்கணும்?"

பாரத்தை நீட்டியிருக்கலாம். நீட்டியிருந்தால் இடம் காலி, வேலை நிச்சயம். நான் நீட்டாததற்குக் காரணம் நேர்மை என்று எழுத ஆசைதான். காரணம் பயம். அடுத்த மாதம் நடு ரோட்டில், வெயிலில், நகையும் பட்டுமாக அந்தப் பெண் பின் சீட்டில் உட்கார்ந்திருக்க, இந்த அக்கா கையில் வாட்ச்சோடு நிற்கும் காட்சி கண்முன் வந்தது. நோட்டைத் திறந்து, பக்கத்தைத் திருப்பி, ஏழிலிருந்து பதினொன்று வரை வாசித்தேன். டீச்சரிடம் பொய் சொன்னதையும் சொன்னேன். தரையைப் பார்த்துத்தான் சொன்னேன்.

வேலாயுதம் பேனாவை மூடினார்.

"முப்பது வருஷமா லாரி ஓட்டுறேன் தம்பி. ஃபெரியில மேல போறேன்னு படியில பாதியில நின்னேன். நீ துண்டப் பிழிஞ்சு பிழிஞ்சு போட்டதப் பாத்தேன். ஐஸ் தண்ணி, சூட்டு ஒடம்பு! இங்க இழுக்கும்போது ஸ்டார்ட் ஆகாதுன்னு தெரிஞ்சுதான் இழுத்தேன்."

"அப்புறம் ஏண்ணே ஒண்ணும் சொல்லல?"

"காடிக்குக் கோளாறு இருக்குன்னு தெரியும். ஒனக்கு எவ்வளவு இருக்குன்னு பாக்கணும்ல? கை வெச்சதுக்கு அப்புறம் சொல்லியிருந்தா, காடிய எடுத்துக்கிட்டு ஒன்ன இங்கருந்து நடந்தே போகச் சொல்லியிருப்பேன்."

நான் பாரத்தை மடித்துப் பைக்குள் வைக்கப் போனேன்.

"நான் வாங்கிக்கிறேன். அது வேற" என்றார். "ஆனா டீச்சரம்மா என்ன நெனச்சுக் கையெழுத்துப் போட்டாங்க? அவங்ககிட்ட நீயே சொல்லு. அவங்க சரின்னா எனக்குச் சரி. குடுக்க வேணாம்னா, காடிய நானே ஓட்டிக்கிட்டு வந்து அவங்க வீட்டுல விடுறேன்."

கோயிலுக்கு எதிரே கோப்பிக் கடையில் காசு போடும் போன் இருந்தது. டீச்சர் எடுத்தார். நடந்ததை வரிசையாகச் சொன்னேன். இரண்டு முறை காசு போட்டேன். அந்த இரண்டு காசு விழுந்த சத்தம்தான் அந்த நாளிலேயே எனக்குப் பெரிய சத்தமாகக் கேட்டது.

"அவரிட்டக் குடும்" என்றார் கடைசியில்.

வேலாயுதம் பத்து நிமிடம் காதில் வைத்துக்கொண்டு, "ஆமாங்க டீச்சர்", "சரிங்க டீச்சர்" என்று மாணவனைப்போலச் சொல்லிக்கொண்டிருந்தார். திரும்பிப் போய்க் காதர் பாயிடம் எப்படிச் சொல்வது என்று நான் வாக்கியம் அமைத்துப் பார்த்தேன். எட்டு வருடம் படித்த நாவல்களில் ஒரு வாக்கியம்கூட உதவிக்கு வரவில்லை.

போனை வைத்துவிட்டு வந்தார். "காடி எனக்குத்தான்."

மூச்சு விட்டேன்.

"நீயும் எனக்குத்தான். பதினோரு பிழையையும் அடக்கி ஓட்டத் தெரியும்னு நெனச்சுத்தானே மறைச்சே? அத நடத்திக் காட்டணுமாம். கல்யாணத்தன்னிக்கு நீதான் டிரைவர். டீச்சரம்மா உத்தரவு. இப்ப வா, அக்காகிட்டயும் சொல்லு."

அக்கா முழுவதையும் கேட்டார். காடியைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. "அப்ப ராகு காலம்?" என்றார்.

"அது உண்மையாக்கூட இருக்கலாம்கா."

"கூடயா?" என்றார். அதற்குப் பிறகு கல்யாணம் வரைக்கும் என்னிடம் பேசவில்லை.

6. பந்திக்கு வெளியே

கல்யாணத்தன்று காலையில் மணப்பெண்ணை ஏற்றியதிலிருந்து எஞ்சினை அணைக்கவில்லை. மண்டபத்து வாசலில் இறக்கிவிட்டு, திரும்ப அழைத்துப்போக வேண்டுமே என்று காடிக்குள்ளேயே உட்கார்ந்து, இரண்டரை மணி நேரம் ஆக்சிலேட்டரில் கால் வைத்திருந்தேன். கெட்டிமேளம் எஞ்சின் சத்தத்துக்கு நடுவில் கேட்டது. யாரோ ஒரு பெண் வாழை இலையில் சோறு கட்டிக்கொண்டுவந்து ஜன்னல் வழியாகக் கொடுத்தார். அக்கா அனுப்பியதாம். பாயசம் மட்டும் வரவில்லை.

காடி ஒரு இடத்திலும் நிற்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று. இந்தக் காடிக்கு இந்த ஆள்தான் ராசி என்று அக்கா முடிவு கட்டிவிட்டார். அடுத்த சில வருடங்களில் அந்தக் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் கடைக்குப் போன் வரும். ஐந்து கல்யாணம் ஓட்டினேன். ஐந்தாவது தடவை லீவு கேட்டபோது காதர் பாய் தலையில் கை வைத்துக்கொண்டார். "ஏன் தம்பி, நீ அன்னிக்குக் காடிய வித்தியா, இல்ல ஒன்ன வித்தியா?"

புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களுக்கு நான் சொல்ல இருப்பது இவ்வளவுதான். கோளாறு இல்லாத பழைய காடி கிடையாது. நீங்கள் சொல்லாமல் விடும் கோளாறு எங்கும் போய்விடாது. அதை ஓட்ட ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் நீங்கள்தான். அதற்குப் பிறகு நான் வாங்க வருகிறவரை நாற்காலியில் உட்கார வைப்பதற்கு முன்பே மோசமான கோளாறைச் சொல்லிவிடுவேன். பாதிப் பேர் நின்றபடியே போய்விட்டார்கள். வாங்கியவர்களில் சிலர் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் அழைத்தார்கள். போனேன். அங்கெல்லாம் பந்தியில் உட்கார்ந்து, பாயசம் வரும்வரை இருந்து சாப்பிட்டுவிட்டு, பஸ் பிடித்து வீட்டுக்கு வந்தேன்.